லீஜியோனேயர் நோய்: நகரத்தில் வசிப்பவர்கள் புரிந்துகொள்ளவும் காத்துக்கொள்ளவும்

லீஜியோனேயர் நோய் என்பது லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் கடுமையான நிமோனியா. இது இருமுவதாலும் தும்முவதாலும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் நோயன்று. குடித்த தண்ணீர் வயிற்றுக்குள் போவதாலும் இது வருவதில்லை. இந்த பாக்டீரியா பெருகிய தண்ணீர், கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகளாகக் காற்றில் கலந்து, மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குச் சென்றால்தான் நோய் உண்டாகிறது. விழுங்கும் திறன் குன்றியவர்களுக்குத் தண்ணீர் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதாலும் அரிதாக வரலாம். தேங்கிய வெதுவெதுப்பான நீர் எங்கே துளியாகச் சிதறுகிறது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், இந்த நோயைப் பற்றிய பெரும்பாலான செய்திகள் தாமாகவே விளங்கிவிடும்.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில், பெல்வியூ ஸ்ட்ராட்ஃபர்ட் ஹோட்டலில், அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. அதன்பின் 221 பேர் நோயுற்றார்கள். 34 பேர் இறந்தார்கள். மாதக்கணக்கில் காரணம் பிடிபடவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ஜோசப் மெக்டேட் அந்த பாக்டீரியாவைக் கண்டறிந்த செய்தி 1977 ஜனவரியில்தான் வெளியிடப்பட்டது. நகரவாசி கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றும் அதில் உண்டு: நோயுற்றவர்களில் சிலர் ஹோட்டலுக்குள் காலே வைக்காதவர்கள்; அதையொட்டிய தெருவில் இருந்தவர்கள் மட்டுமே.

இத்தகைய நிகழ்வுகள் அதோடு நின்றுவிடவில்லை. ஸ்பெயினின் முர்சியா நகரில் 2001இல் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் மட்டுமே 449 பேர். நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில் 2015இல் 138 பேர் பாதிக்கப்பட்டு 16 பேர் இறந்தனர். அதே நகரின் மத்திய ஹார்லெம் பகுதியில் 2025இல் 114 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தனர். பிரான்சின் பா-து-கலே வட்டாரத்தில் 2003–04இல் ஒரு தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய நுண்துளிகள் குறைந்தது 6 கிலோமீட்டர் தொலைவு வரை சென்று மக்களைத் தாக்கின. இவை எல்லாவற்றிலும் நீர் ஏதோவொரு கட்டடத்துக்குரியதாக இருந்தது. நோய் வந்ததோ அக்கட்டடத்தோடு தொடர்பே இல்லாத பலருக்கும்.

பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது?

ஆறு, ஏரி, ஈரமண் ஆகியவற்றில் லீஜியோனெல்லா இயல்பாகவே சிறிய அளவில் வாழ்கிறது. அங்கே அதனால் யாருக்கும் பெரிதாகத் தீங்கு வருவதில்லை. குழாய்நீரைக் குளோரின் கொண்டு சுத்திகரித்தாலும், ஒருசெல் உயிரியான அமீபாவின் உடலுக்குள் ஒளிந்துகொண்டு மிகச் சில பாக்டீரியாக்கள் தப்பி நகரக் கட்டடங்களுக்குள் வந்துசேர்கின்றன. தன்னை விழுங்கிய அமீபாவுக்குள்ளேயே பெருகி, அதைக் கிழித்து வெளியேறுவது இதன் வழக்கம். மனித நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களிடமும் இதே வித்தையைத்தான் காட்டுகிறது. நம்மைக் காக்க வேண்டிய செல்லையே தன் இருப்பிடமாக்கிக்கொள்வதால்தான் இந்த நிமோனியா இவ்வளவு கடுமையாக இருக்கிறது.

பெருக்கத்தைத் தீர்மானிப்பதில் வெப்பநிலைக்கே முதலிடம். 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாக்டீரியா உயிரோடு இருக்குமே தவிரப் பெருகாது. 25 முதல் 45 டிகிரி வரை அதற்கு மிகவும் உகந்தது. 50 டிகிரிக்கு மேல் பெருக இயலாது. 60 டிகிரியில் சில நிமிடங்களில் பெரும்பகுதி மடியும். 70 டிகிரியில் ஏறத்தாழ உடனே அழியும். வெப்பத்துக்கு அடுத்து, நீர் தேங்கி நிற்பதும், குளோரின் கரைந்துபோவதும், குழாயின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலமும் சேர்வதும் அதற்குத் துணைபோகின்றன. அந்தப் படலத்துக்குள் புகுந்துவிட்ட பாக்டீரியாவைக் குளோரின் எளிதில் எட்டுவதில்லை. ஒருமுறை மருந்து ஊற்றிவிட்டு மறந்துவிடும் தொட்டிகளில் சில வாரங்களில் சிக்கல் திரும்பி வருவதற்கு இதுவே காரணம்.

நகரத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பெரிய திரள் பாதிப்புகளில் திரும்பத் திரும்ப அகப்படுவது, பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில் நிற்கும் கூலிங் டவர் என்னும் குளிர்விப்புக் கோபுரம். மையக் குளிரூட்டும் அமைப்பு கட்டடத்திலிருந்து உறிஞ்சிய வெப்பத்தைத் தண்ணீர் இந்தக் கோபுரத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த நீர் மேலிருந்து அடுக்கடுக்கான தகடுகளின் மீது தூவப்படுகிறது. பெரிய மின்விசிறி அதன் ஊடாகக் காற்றை இழுக்கிறது. ஒரு பகுதி ஆவியாகிறது, மீதி குளிர்ந்து அடித்தொட்டியில் விழுந்து மறுபடியும் சுற்றுக்குப் போகிறது. தொட்டி நீர் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெயில் படும் இடங்களில் பாசி பிடிக்கும், காற்றில் வரும் தூசியும் இலைத்துகளும் அடியில் சேறாகப் படியும், நீர் ஆவியாக ஆவியாக உப்புகள் செறியும். பாக்டீரியாவுக்கு வேண்டிய அனைத்தும் ஓரிடத்தில் கூடிவிடுகின்றன. காற்றோடு வெளியேறும் துளிகளைப் பிடித்து நிறுத்தத் துளித்தடுப்புத் தட்டுகள் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அவை உடைந்தோ விலகியோ இருந்தால், அந்த நீரே நுண்துளிகளாக வீதியெங்கும் இறங்குகிறது.

வீடுகளில் உள்ள சாதாரண ஏசி இந்தக் கணக்கில் வராது. அது நீரைத் தூவிக் குளிர்விப்பதில்லை. காற்றிலிருந்து பிரியும் ஈரத்தை வடித்து வெளியே விடுகிறது, அவ்வளவுதான். நோய்ச் செய்தி வந்ததும் கோடை வெப்பத்தில் முதியவர்கள் ஏசியை நிறுத்திவிட்டுப் புழுங்குவது பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

கோபுரத்துக்கு அடுத்தபடியாக வருபவை ஷவர், ஹாட் டப் என்னும் வெந்நீர்த் தொட்டிக் குளியல், அலங்கார நீரூற்று, மூடுபனி தெளிக்கும் கருவி, மருத்துவமனைகளின் நீண்ட குழாய் அமைப்பு ஆகியவை. நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் 1999இல் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக இயக்கிக் காட்டப்பட்ட வெந்நீர்த் தொட்டிகளில் எவரும் இறங்கிக் குளிக்கவில்லை. அவற்றைக் கடந்து நடந்த பார்வையாளர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 1989இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் காய்கறி வாடாமலிருக்க மூடுபனி தெளித்த கருவியே மூலமாக இருந்தது. கருவி எவ்வளவு சிறியது என்பது பெரிய பொருட்டன்று. அதற்குள் உள்ள நீர் எவ்வளவு நாள் பழையது என்பதே கேட்க வேண்டியது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

உடல்நலத்தோடு இருக்கும் பெரும்பாலோர் இந்தத் துளிகளைச் சுவாசித்தாலும் நோயுறுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்கள், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றத்துக்குப் பிறகோ வேறு காரணத்துக்கோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி. பொதுவாக நோயுறுபவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். மருத்துவமனையில் இருக்கும்போது தொற்றினால் அது நான்கில் ஒருவர் என்ற அளவை எட்டுகிறது. இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. உங்கள் வீட்டில் மேற்சொன்ன நிலையில் ஒருவர் இருந்தால், கீழே வரும் ஏற்பாடுகளை அவருடைய அறையிலிருந்தும் அவர் பயன்படுத்தும் குளியலறையிலிருந்தும் தொடங்குங்கள்.

அறிகுறி தோன்றினால் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

தெருவுக்கு அப்பால் உள்ள கோபுரத்தை நீங்கள் போய்ச் சுத்தம் செய்ய முடியாது. ஆனால் நோயை முன்கூட்டியே சந்தேகித்து, சரியான சோதனையும் சரியான மருந்தும் தாமதமின்றிக் கிடைக்கச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் அது இதுவாக இருக்கட்டும்.

துளிகளைச் சுவாசித்த 2 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறிகள் தொடங்குகின்றன. முதலில் உடல்வலி, தலைவலி, களைப்பு, பசியின்மை. பிறகு குளிர் நடுக்கத்துடன் கடும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். பலருக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் சேர்ந்து வரும். சிலருக்கு மனக்குழப்பம் ஏற்படும். மூத்தவர் ஒருவர் காய்ச்சலோடு பேச்சில் தடுமாறினால் அதை வயதின் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதே பாக்டீரியாவால் போன்டியாக் காய்ச்சல் என்ற லேசான வடிவமும் உண்டாவதுண்டு. அது ஃப்ளூ போல ஓரிரு நாளில் தொடங்கி, நிமோனியாவாக மாறாமல், சில நாட்களில் தானே சரியாகிவிடும்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மட்டும் இதை மற்ற நிமோனியாவிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆகவே நீங்கள் சொல்லும் விவரமே மருத்துவரின் சிந்தனையைத் திருப்பும். கடந்த இரண்டு வாரங்களில் ஹோட்டலில் தங்கியது, மருத்துவமனையில் இருந்தது, குளிக்கும் வெந்நீர்த் தொட்டியின் அருகே இருந்தது, பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்பியது, பகுதியில் இந்நோய் பற்றிய எச்சரிக்கை வந்தது ஆகியவற்றில் எது பொருந்தினாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். “இது லீஜியோனேயர் நோயாக இருக்கக்கூடுமா, அதற்கான சோதனை செய்யலாமா?” என்று நேராகவே கேளுங்கள், இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை.

சோதனைகளில் இரண்டு முக்கியம். சிறுநீரில் இந்த பாக்டீரியாவின் கூறுகளைத் தேடும் ஆன்டிஜென் சோதனை விரைவானது, ஆனால் அது லீஜியோனெல்லா நிமோஃபிலா என்னும் இனத்தின் முதல் வகையை மட்டுமே நன்கு காட்டும். எனவே அதில் “இல்லை” என்று வந்துவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நுரையீரலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் சளியைக் கொண்டு பிசிஆர் சோதனையும் கல்ச்சர் எனப்படும் வளர்ப்புச் சோதனையும் செய்வது நோயாளிக்கும் நல்லது, நகரத்துக்கும் நல்லது. சளியில் வளர்ந்த பாக்டீரியாவின் மரபணுவையும் ஒரு கோபுரத்து நீரில் கிடைத்ததன் மரபணுவையும் ஒப்பிட்டுத்தான் எந்தக் கட்டடம் மூலம் என்று உறுதிசெய்ய முடிகிறது.

மருந்து விஷயத்திலும் தனிக் கவனம் தேவை. இந்த பாக்டீரியா செல்லுக்குள் வாழ்வதால், பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பயன் தருவதில்லை. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்று செல்லுக்குள் ஊடுருவும் மருந்துகளே வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை விழுங்கிவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று காத்திருப்பது, விலைமதிப்பற்ற நேரத்தை இழப்பதாகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கீசர் அல்லது வெந்நீர்ச் சேமிப்புத் தொட்டியிலிருந்து தொடங்குவோம். மின்சாரத்தை மிச்சப்படுத்தவேண்டி அதன் வெப்பநிலையை 40 டிகிரியில் நிறுத்தி வைப்பது, பாக்டீரியாவுக்கு வளர்ப்புத் தொட்டி அமைத்துக் கொடுப்பதற்கு ஒப்பானது. நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் தோல் ஐந்து விநாடிகளில் கடுமையாக வெந்துவிடும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீடுகளில் குழாய்க்கு மிக அருகில், வெந்நீரில் குளிர்ந்த நீரைக் கலக்கும் வெப்பத் தடுப்பு வால்வைப் பொருத்துவது கட்டாயம். வால்வைத் தொட்டிக்கு அருகே பொருத்தினால், அங்கிருந்து குழாய்வரை உள்ள நீளம் முழுவதும் வெதுவெதுப்பான நீர் நின்று, செய்த வேலை வீணாகிவிடும். சேமிப்புத் தொட்டியே இல்லாமல் அந்தந்த நேரத்தில் சூடாக்கும் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்து ஷவர். அதன் தலையைத் திருகிக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். துளைகளைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். ரப்பர் வளையத்தின் அடியில் கரும்பழுப்பு நிறத்தில் வழுக்கும் படலம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அதைப் பிரித்து, வினிகரிலோ உப்புப்படிவு நீக்கியிலோ ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, நன்றாகக் கழுவிய பிறகு, நீர்த்த பிளீச்சிங் கரைசலில் தனியாக நனைத்து மறுபடியும் கழுவுங்கள். வினிகரையும் பிளீச்சையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். வளையக்கூடிய குழாய் பழையதாகியிருந்தால் சுத்தம் செய்வதைவிட மாற்றிவிடுவதே நல்லது. வாரக்கணக்கில் எவரும் குளிக்காத விருந்தினர் குளியலறை இருந்தால், வாரம் ஒருமுறை அங்குள்ள வெந்நீர், குளிர்ந்த நீர் இரண்டையும் குறைந்தது 2 நிமிடம் ஓடவிடுங்கள்.

சில நாள் வெளியூர் சென்று திரும்பியபின் குழாய்களைத் திறக்கும் முறையும் ஒன்று உண்டு. சன்னல்களைத் திறந்துவிட்டு, ஷவர் தலையைக் கழற்றியோ, அதை வாளிக்குள் தாழ்த்திப் பிடித்தோ, துளி சிதறாத வகையில் நீரை மெல்லத் திறந்து, அறையைவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். தேங்கிய நீர் முழுதும் வெளியேறி, வெந்நீர் அதன் முழு வெப்பத்தோடு வரும்வரை ஓடவிட வேண்டும். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்த அலுவலகங்களை மீண்டும் திறந்தபோது சுகாதாரத் துறையினர் வலியுறுத்தியதும் இதைத்தான்.

மூச்சு தொடர்பான கருவிகளில் சிறிதும் சலுகை காட்டக் கூடாது. நெபுலைசர், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் பயன்படுத்தும் மூச்சுக்கருவி, அறையை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் ஆகியவை நீரை நேராக நுரையீரலுக்கே அனுப்புபவை. சைப்ரஸில் 2008 இறுதியில் பிறந்த குழந்தைகள் பிரிவில் குழாய்நீர் ஊற்றிய ஹியூமிடிஃபையரால் பச்சிளங்குழந்தைகள் நோயுற்றுச் சிலர் இறந்தனர். நெபுலைசரில் ஊற்றுவதும் அதைக் கழுவுவதும் கிருமி நீக்கிய நீராகவே இருக்கட்டும். மற்றக் கருவிகளைப் பொறுத்தவரை, தயாரிப்பாளரின் அறிவுரைப்படி காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தி, தினமும் மீதியைக் கொட்டிக் கழுவி உலரவிடுங்கள். காரின் கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீரை விடாமல் அதற்கென்றுள்ள திரவத்தை ஊற்றுங்கள். வெயிலில் காய்ந்த தோட்டக் குழாயில் முதலில் வரும் சுடுநீரை முகத்துக்கு எதிரே பீய்ச்சாமல் தரையில் ஓடவிடுங்கள். பையில் விற்கும் உரமண்ணில் லீஜியோனெல்லா லாங்பீச்சே என்னும் இன்னொரு இனம் இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதனால் பலர் நோயுற்றிருக்கிறார்கள். அந்தப் பையை முகத்தைத் தள்ளிவைத்து மெதுவாகத் திறந்து, மண்ணை நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து வேலை செய்வது போதுமானது.

கட்டட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை

அடுக்குமாடியில் வசிப்பவரும், மையக் குளிரூட்டல் உள்ள அலுவலகத்தில் வேலை செய்பவரும் நிர்வாகத்திடம் கேட்க உரிமையுள்ள கேள்விகள் சில உண்டு. கூலிங் டவர் இருக்கிறதா, அதன் நீரில் கிருமிநாசினி தானாகச் செலுத்தப்படுகிறதா, கடைசியாக எப்போது காலி செய்து கழுவப்பட்டது, துளித்தடுப்புத் தட்டுகள் முழுமையாக உள்ளனவா, சோதனை முடிவுகள் எழுத்தில் உள்ளனவா என்று கேளுங்கள். வெந்நீர் சேமிப்புத் தொட்டியில் 60 டிகிரியும், கடைசிக் குழாயில் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரியும் இருக்கிறதா என்று ஒரு சாதாரண வெப்பமானியாலேயே அறியலாம். சூடாக்காத குழாய்நீரை 20 டிகிரிக்குக் கீழே வைப்பது விதிநூல்களில் உள்ள பரிந்துரை; வெப்பமான ஊர்களில் அது நடவாத காரியம் என்பதால், அங்கே தொட்டிகளை மூடி நிழலில் வைப்பதும், நீர் நாட்கணக்கில் தேங்காமல் சுழல்வதும், கடைசிக் குழாயிலும் குளோரின் மிச்சம் இருப்பதும் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. பழைய இணைப்பை அகற்றியபின் சுவருக்குள் முட்டுச்சந்தாக விடப்பட்ட குழாய்த்துண்டுகளைக் கண்டுபிடித்து வெட்டி எடுப்பது, எவரும் விரும்பிச் செய்யாத, ஆனால் மிகவும் பயன்தரும் வேலை.

ஒரே ஒரு நீர்ச்சோதனையில் பாக்டீரியா இல்லை என்ற தாளைக் காட்டி நிர்வாகம் பேச்சை முடிக்கப் பார்த்தால் அதை ஏற்காதீர்கள். அது அன்றைய நாளுக்கும் அந்தக் குழாய்க்கும் மட்டுமே உரிய சான்று. வாராவாரம் எழுதப்படும் வெப்பநிலை, குளோரின் பதிவேடு அதைவிட நம்பகமானது. அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வகுத்த ஆஷ்ரே 188 என்னும் தரநிலை கட்டட உரிமையாளர்களிடம் எதிர்பார்ப்பதும் இப்படிப்பட்ட தொடர்ச்சியான நீர் மேலாண்மைத் திட்டத்தையே. தங்கும் விடுதிகளில் வெந்நீர்த் தொட்டியில் இறங்குமுன், சோதனைத் தாளால் குளோரின் அளவைப் பார்த்துவிடுங்கள்; அது 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 3 பங்கு) குறைந்திருந்தால் இறங்கவும் வேண்டாம், அருகில் உட்காரவும் வேண்டாம்.

உங்கள் பகுதியில் எச்சரிக்கை வந்தால்

மூலம் கூலிங் டவர் என்றால் குழாய்நீரைக் குடிக்கலாம், குளிக்கலாம், சமைக்கலாம். ஊரைவிட்டு வெளியேறத் தேவையில்லை. மூலம் உங்கள் கட்டடத்தின் குழாய் அமைப்பு என்றால் நிலைமை வேறு: அனுமதி வரும்வரை ஷவரைத் தவிர்த்து, பாத்திரத்தில் நீரை மெதுவாக நிரப்பிக் குளிக்க வேண்டும், ஹியூமிடிஃபையரை நிறுத்திவிட வேண்டும். ஆகவே அறிவிப்பைப் படிக்கும்போது எது மூலம் என்று சொல்லப்பட்டிருக்கிறது என்பதை முதலில் தேடுங்கள். எதுவாயினும், அந்தப் பகுதிக்குச் சென்றுவந்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியாகிவிட்டால், அவரைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 14 நாட்களில் அவர் போன இடங்கள், நடந்த தெருக்கள், தங்கிய அறைகள் ஆகியவற்றை நினைவு மங்குவதற்குள் தேதிவாரியாக எழுதி வையுங்கள். சுகாதாரத் துறையினர் கேட்கப்போவது இந்தப் பட்டியலைத்தான். பதற்றத்தில் வீட்டு ஷவரையும் கீசரையும் உடனே பிளீச் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். மாதிரி எடுக்க ஆட்கள் வருவார்களா என்று முதலில் கேட்டறியுங்கள். அதுவரை அந்தக் குளியலறையைப் பூட்டிவையுங்கள். மாதிரி எடுத்து முடிந்த பிறகு, மேலே சொன்ன முறையில் அனைத்தையும் சுத்தம் செய்து, தொட்டி நீரை 60 டிகிரிக்கு உயர்த்திவிட்டுத்தான், மருத்துவமனையிலிருந்து திரும்புபவர் அதைப் பயன்படுத்த வேண்டும்.